நோகாத அக்கா குங்ஃபூ கற்றுக்கொள்ளப் போனது

அந்தப் பெயரை அவளுக்கு வைத்தது ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி. ரத்தப் பரிசோதனைக்கு வந்து, ஊசியைக் கண்ணில் பார்ப்பதற்கு முன்பே கட்டடம் அதிரக் கத்தி, எல்லாம் முடிந்த பிறகும் கத்திக்கொண்டிருந்தவள். "முடிஞ்சு போச்சுடா கண்ணு, இன்னும் எதுக்குக் கத்துறே?" என்று அவள் கேட்டதும் சிறுமி சட்டென்று வாயை மூடி, கையில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்தாள். "நோகவே இல்லையே" என்றாள், ஏதோ ஏமாந்துபோனவள் மாதிரி. அடுத்த முறை வந்தபோது வாசலிலேயே அடம்பிடித்தாள்: "எனக்கு நோகாத அக்காதான் வேணும்." வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது.

இருபத்தாறு வருடமாக அதே லேபில் வேலை. காலை ஆறரைக்கெல்லாம் வெறும் வயிற்றோடும் கடுகடுத்த முகத்தோடும் ஆட்கள் வந்து உட்காருவார்கள். மேல்கையில் ரப்பர் பட்டையைக் கட்டிவிட்டு, நரம்பைக் கண்ணால் தேடமாட்டாள். இடது கட்டைவிரலால் மெல்லத் தடவிப் பார்ப்பாள். கிடைத்ததும் அந்த விரல் நரம்பை அசையவிடாமல் அழுத்திக்கொள்ளும். "காலையில எத்தனை மணிக்கு எந்திரிச்சீங்க?" என்று கேட்பாள். அவர்கள் யோசித்துப் பதில் சொல்வதற்குள் ஊதா மூடிக் குழாய் நிறைந்திருக்கும். பெருத்த உடம்புக்காரர்கள், மாதக்கணக்கில் மருந்து ஏற்றி நரம்பெல்லாம் சுருண்டுபோனவர்கள் என்று மற்றவர்கள் கைவிட்ட கைகள் எல்லாம் கடைசியில் அவளிடம்தான் வந்து சேரும்.

படிப்பில் சுமார். சமையலில் அதைவிடச் சுமார். லிஃப்ட் மெக்கானிக்கான கணவர், "உன் சாப்பாட்டுக்கு என் லிஃப்ட் தேவலாம், அது எப்பவாவது மேலயும் போகும்" என்பார். மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டாள். வாரம் ஒருமுறை போனில் வருவாள். பெருமைப்பட்டுக்கொள்ள அவளுக்கென்று ஒன்று இருந்ததென்றால் அது அந்தக் கை ஒன்றுதான்.

நாற்பத்தேழாவது வயதில் இடது கை சொன்ன பேச்சைக் கேட்காமல் போனது. மேசைமேல் சும்மா வைத்திருக்கும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும், கண்ணுக்குத் தெரியாத மாத்திரை ஒன்றை உருட்டுவதுபோல அசையும். வேலையில் இறங்கினால் நின்றுவிடும். டீ அதிகமாகிவிட்டது என்று டீயைக் குறைத்தாள். தூக்கம் போதவில்லை என்று சீக்கிரம் படுத்தாள். ஒருநாள், கூட வேலை பார்க்கும் சின்னப் பெண், "அக்கா, உங்க போன் அடிக்குது போல, தட்டு அதிருது" என்றாள். போன் அவள் பையில் கிடந்தது. எஃகுத் தட்டின் விளிம்பில் அவள் இடது கை சாய்ந்திருந்தது; அதிலிருந்த கைக்கடிகாரம்தான் தட்டில் பட்டு அதிர்ந்துகொண்டிருந்தது.

நரம்பு டாக்டர் நடக்கச் சொன்னார், திரும்பச் சொன்னார், விரல்களைத் தட்டிக் காட்டச் சொன்னார், ஒரு காகிதத்தில் சுருள் வரையச் சொன்னார். பிறகு நோயின் பெயரைச் சொன்னார். பார்க்கின்சன்.

"உயிருக்கு ஒண்ணும் பயமில்லம்மா."

உயிரைப் பற்றி அவள் கேட்கவே இல்லை. "இன்னும் எத்தனை வருஷம் ரத்தம் எடுக்கலாம்?" என்று கேட்டாள்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "அதை இப்பச் சொல்ல முடியாது. மாத்திரையை நேரம் தவறாமப் போடுங்க. உடம்பை அசைச்சுக்கிட்டே இருங்க. தாய்-சி மாதிரி ஏதாவது வகுப்புல சேருங்க. சீனாக்காரங்க சண்டைக் கலைதான், ஆனா ரொம்ப மெதுவாச் செய்வாங்க. இந்த நோய்ல கீழ விழாம இருக்கிறதுதான் பெரிய விஷயம், அதுக்கு நல்லது."

மாத்திரைகளைச் சத்து மாத்திரை டப்பாவுக்குள் கொட்டிவைத்தாள். கணவரிடம் சொல்லவில்லை. மகளிடம் சொல்லவில்லை. லேபில் மூச்சு விடவில்லை. நடுங்கும் கை என்று தெரிந்தால் யார் கையை நீட்டுவார்கள்?

தாய்-சி வகுப்பு சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, நூலகத்து மாடி ஹாலில் நடந்தது. சொல்லிக்கொடுத்த அம்மாள் பிசியோதெரபிஸ்ட். துணி ஷூ போட்டுக்கொண்டு சத்தமே இல்லாமல் நடந்தாள். பதினைந்து பேர் இருந்தார்கள். எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். முட்டி ஆபரேஷன் யாருக்கு எப்போது என்பதில்தான் பேச்சே தொடங்கியது. அவள் கடைசி வரிசையில் போய் நின்றாள். கைகள் ஏதோ தண்ணீருக்கடியில் இருப்பதுபோல மெல்ல எழுந்தன, மெல்ல இறங்கின. ஒற்றைக் காலில் எடையை மாற்றி, மறு காலை ஓசையில்லாமல் வைக்கச் சொன்னார்கள். நன்றாகத்தான் இருந்தது. எழுபது வயதுக் கிழவி ஒருத்தி அவளைவிட நிதானமாக நின்றாள்.

இடைவேளையில், சாம்பல் நிறத் தொப்பி போட்ட ஒருவர் சின்னச் சின்ன அடிகளாக வைத்து அவளிடம் வந்தார். முகத்தில் அசைவே இல்லை. குரலில் இருந்த சிரிப்பு முகம்வரை வந்து சேரவில்லை.

"நீங்க லேப்ல ரத்தம் எடுக்கிற அம்மாதானே? மூணு மாசத்துக்கு ஒருதடவை வருவேனே. பஸ் கண்டக்டரா இருந்தேன். ஓடுற பஸ்ல கம்பியைப் பிடிக்காம முப்பத்திரண்டு வருஷம் நின்னவன்மா. இப்ப ஓடாத தரையில நிக்கிறதுக்குப் பாடம் படிக்கிறேன்."

அவள் சிரித்து வைத்தாள். இடது கையைக் கைப்பைக்குப் பின்னால் ஒளித்திருந்தாள். அவர் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"எந்தக் கை?"

"என்ன கேக்கறீங்க?"

"எனக்கு வலது கையில ஆரம்பிச்சுது. உங்களுக்கு எந்தக் கை?"

அவர் கன்னத்தின் ஓரம் எச்சில் லேசாக வழிந்திருந்தது. அதைத் துடைக்க அவர் கை எழும்புவதற்கே நேரம் பிடித்தது. அவள் செருப்பில் பாதிக் காலை நுழைத்துக்கொண்டு படியிறங்கினாள். மேலிருந்து "அம்மா... நில்லுங்கம்மா..." என்ற குரலும், தேய்த்துத் தேய்த்து வைக்கும் காலடிச் சத்தமும் பின்னாலேயே வந்தன. திரும்பிப் பார்க்கவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் மூச்சு வந்தது.

அந்த இடத்துக்குச் செத்தாலும் திரும்பிப் போவதில்லை என்று முடிவெடுத்தாள். ஆனால் டாக்டர் சொன்னது மண்டைக்குள் குடைந்தது. தாய்-சியும் சீனத்துச் சண்டைக் கலைகளில் ஒன்றுதானே? அதில் எத்தனையோ வகை இருக்கிறதாமே? நோயாளிகள் இல்லாத வகையாகப் பார்த்துச் சேர்ந்தால் போயிற்று. இப்படித்தான் அவள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

முதலில் போன இடம் சுவரெல்லாம் கண்ணாடி. பளபளக்கும் உடையில் பிள்ளைகள் தாவிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். மேசையில் இருந்த பெண் தலையை நிமிர்த்தாமலே, "பிள்ளைக்கு என்ன வயசு?" என்று கேட்டாள். "நாப்பத்தேழு" என்றாள் இவள். அந்தப் பெண் படிவத்தில் எழுதப்போய் நிறுத்தி, நிமிர்ந்து பார்த்து, பெரியவர்களுக்கென்று தனி வகுப்பு இல்லை என்று வருத்தம் தெரிவித்தாள். சுற்றிலும் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் தன் இடது கையே தெரிந்தது. வெளியே வந்துவிட்டாள்.

இரண்டாவது, கடைத்தெருக் கோடியில் டயர் கடைக்கு மாடி. கடை நடத்துகிறவர்தான் மாஸ்டர். நாற்பது வயதிருக்கும், நகக்கண்ணில் கறுப்பு மசி போகவே போகாது. அவர் சொல்லிக்கொடுத்தது விங் சுன். தாவலும் இல்லை, குதியும் இல்லை. நெருங்கி வருகிறவனை நெருக்கத்திலேயே தடுத்து அடிக்கும் முறை. எட்டுப் பேர் வரிசையாக நின்று முதல் பாடத்தைச் செய்துகொண்டிருந்தார்கள். முழங்காலை உள்ளே வாங்கி, இரண்டு கையையும் இறுக்கி மூடி விலாவோடு சேர்த்து இழுத்துக்கொண்டு, சிலை மாதிரி நின்றார்கள். ஒரு கை வேலை செய்யும்போது மறு கை மூடியபடியே விலாவில் இருந்தது.

அவள் வாசலில் நின்றபடியே இடது கையை மூடி, இறுக்கி, விலாவோடு சேர்த்துப் பார்த்தாள். நடுக்கம் நின்றது.

அவ்வளவுதான். மனிதர்கள் பள்ளியைத் தேர்ந்தெடுக்கப் பல காரணங்கள் உண்டு. பரம்பரை பார்ப்பார்கள், வாத்தியாரைப் பார்ப்பார்கள், வீட்டுக்குப் பக்கமா என்று பார்ப்பார்கள். அவள் பார்த்தது அது ஒன்றைத்தான்.

வகுப்பு முடிந்ததும் மாஸ்டர் ஒரு பழைய டயரைக் காட்டி உட்காரச் சொன்னார். "சேர்றதுக்கு முன்னாடி எல்லார்கிட்டயும் ஒண்ணு கேப்பேன். என்னத்துக்காகக் கத்துக்கணும்னு தோணுச்சு?"

உண்மையைச் சொல்ல வாய் திறக்கவில்லை. "தற்காப்புக்கு" என்றாள்.

"யார்கிட்டேர்ந்து?"

அவ்வளவு தூரம் யோசித்திருக்கவில்லை. "ஒருத்தர்... பின்னாடியே வர்றார்" என்றாள்.

மாஸ்டர் முகம் மாறியது. "எப்படிப்பட்ட ஆள்?"

மனதில் யார் இருந்தாரோ அவரே வாயில் வந்தார். "வயசானவர்தான். சாம்பல் கலர்ல தொப்பி. வேகமா நடக்கமாட்டார். ஆனா விடாம வர்றார்."

"போலீஸ்ல சொன்னீங்களா?"

"வேண்டாம் மாஸ்டர். வீட்டுக்குத் தெரிய வேண்டாம்."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. "நாளைக்கே வந்துடுங்க அக்கா" என்றார்.

அடுத்த ஐந்து மாதம் அவள் வாழ்க்கையில் நல்ல மாதங்கள் என்றுதான் சொல்லவேண்டும். வாரத்தில் இரண்டு சாயங்காலம், ஞாயிற்றுக்கிழமை காலை. தொடை கடுத்தது, பசி எடுத்தது, படுத்தால் தூக்கம் வந்தது. கணவரிடம் உடற்பயிற்சி வகுப்பு என்று சொல்லியிருந்தாள். அங்கே எல்லோரும் அவளை அக்கா என்றார்கள். அதிலும் வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்த இருபத்தாறு வயது இளைஞன் அவள்மேல் தனிப் பாசமாக இருந்தான். வகுப்பில் எல்லோரும் அவனை வெல்டர் என்றே கூப்பிட்டார்கள். படியேறும்போது அவள் பையை வாங்கிக்கொள்வான். "எங்க வீட்ல பொம்பளைங்க யாரும் இல்லக்கா, நீங்க திட்டினாக்கூட எனக்கு நல்லாருக்கு" என்பான்.

நான்காவது மாதம் ஒட்டுக்கைப் பயிற்சி தொடங்கியது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று முன்னங்கைகளைத் தொட்டபடியே சுழற்ற வேண்டும். எதிராளியின் எண்ணம் தோலிலேயே தெரியவேண்டும் என்பார் மாஸ்டர். அதற்கு அவள் பயந்துகொண்டேதான் இருந்தாள். முதல் நாள் மாஸ்டரே அவளோடு நின்றார். இரண்டு சுற்று சுற்றியதும் அவர் கை நின்றது.

"கை நடுங்குதே அக்கா."

அவள் தரையைப் பார்த்தாள்.

"இன்னும் வர்றானா அந்த ஆள்?"

பொய்க்கு நடுக்கம் சாட்சி சொன்னது. நடுக்கத்துக்குப் பொய் காரணம் சொன்னது. இரண்டும் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து நின்றதைப் பார்த்து, அவளுக்கு ஒரு கணம் நிம்மதிகூட வந்தது. "ம்" என்றாள்.

அன்றைக்கே வகுப்பு முழுக்கச் செய்தி பரவியது. அன்றிலிருந்து வெல்டர் அவளைப் பஸ் நிறுத்தம்வரை கொண்டுவிட்டான். தெருவில் தொப்பி போட்ட யாரைப் பார்த்தாலும், "இவனாக்கா?" என்று கேட்பான். "இல்லப்பா" என்பாள். தனக்காக ஒருவன் இப்படி நாலு பக்கமும் பார்த்துக்கொண்டு வருவது அவளுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததற்காகத்தான் பிறகு அவளால் தன்னை மன்னித்துக்கொள்ள முடியவில்லை.

அதே சமயத்தில்தான் கண்டக்டர் தன் மூன்று மாதப் பரிசோதனைக்கு லேபுக்கு வந்தார். அவரை வரிசையில் பார்த்ததும் அவள், ரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாய்களைச் சுழற்றும் இயந்திரம் இருக்கும் உள்ளறைக்குள் புகுந்துகொண்டாள். சின்னப் பெண்தான் ஊசி போட்டாள். முதல் குத்து தவறிப்போனது. கண்டக்டர் முனகவில்லை. கிளம்பும்போது அவர் சொன்னது உள்ளறைவரை கேட்டது.

"அந்தம்மா வந்தா சொல்லும்மா. சனிக்கிழமை ஏழு மணி. அந்த வகுப்புக்கு வந்ததுலேர்ந்து ரெண்டு வருஷமா நான் ஒருதடவைகூட விழலன்னு சொல்லு. அது போதும்."

இயந்திரம் ஓடி முடிந்து, நின்று, விளக்கு அணைந்த பிறகும் அவள் அதன் மூடியில் கைவைத்தபடியே நின்றிருந்தாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதினோரு மணி. வகுப்பு முடிந்து அவளும் வெல்டரும் இன்னும் இரண்டு பேரும் படியிறங்கித் தெருவுக்கு வந்தார்கள். வெயில் சுள்ளென்று அடித்தது. எதிர்ச்சாரியில் மருந்துக்கடையிலிருந்து சாம்பல் நிறத் தொப்பி ஒன்று வெளியே வந்தது. அவளைப் பார்த்துவிட்டது. கையைத் தூக்கியது.

"அம்மா! நில்லுங்கம்மா!"

தெருவைக் கடக்க அவர் காலெடுத்து வைத்தார். அந்த நோய்க்காரர்களுக்குச் சிலசமயம் ஒன்று நேரும்: உடம்பு முன்னால் சாய்ந்துவிடும், கால்கள் அதைப் பிடிக்கச் சின்னச் சின்ன அடியாகத் துரத்தும், நினைத்தால் நிற்க முடியாது. பார்க்கிறவர்களுக்கு ஓடி வருவதுபோல இருக்கும். அவளுக்கு அது தெரியும். டாக்டர் கொடுத்த புத்தகத்தில் படித்திருந்தாள். வெல்டருக்குத் தெரியாது. அவன் கண்டது, கல் மாதிரி முகத்தோடு, கையை நீட்டிக்கொண்டு, அக்காவை நோக்கிப் பாய்ந்து வரும் ஒரு ஆளை.

"இவனாக்கா?" என்றான்.

ஒரு வார்த்தை போதும். "இல்ல" என்றால் போதும். ஆனால் அவர் வந்து என்ன சொல்வார் என்பது அவளுக்குத் தெரியும். எல்லோர் முன்னாலும், வெட்டவெளியில், அந்தக் கையைப் பற்றிச் சொல்வார். அவள் சொல்லவில்லை. இரண்டு நொடி இருந்திருக்கும்.

வெல்டர் அவள் முன்னால் வந்து நின்று, சொல்லிக்கொடுத்தபடியே, நீட்டிய கையை ஒதுக்கி, உள்ளங்கையால் நெஞ்சில் தள்ளினான். பலமாகக்கூட இல்லை. கண்டக்டர் அப்படியே பின்பக்கமாகச் சாய்ந்தார். கையை ஊன்றக்கூட அவருக்கு நேரம் இல்லை. நடைபாதையின் கல் விளிம்பில் இடுப்பு மோதிய சத்தம், காய்ந்த குச்சி முறிவதுபோல, தெருவின் மறுபக்கம்வரை கேட்டது.

அப்போதுதான் அவளுக்குக் குரல் வந்தது. "அவரை ஒண்ணும் செய்யாதீங்க! அவர் யாரையும் ஒண்ணும் செய்யல!" என்று கத்தினாள். யார் காதில் விழுந்து என்ன பயன்?

ஆம்புலன்ஸ் வந்து போனது. மாஸ்டர் டயர் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவளை உள்ளே உட்காரவைத்தார். தண்ணீர் கொடுத்தார். அவள் குடிக்கவில்லை. இடது கையை மடியில் வைத்து விரித்துக் காட்டினாள். கை தன் போக்கில் உருட்டிக்கொண்டிருந்தது. நோயைச் சொன்னாள், ஹாலைச் சொன்னாள், தொப்பியைச் சொன்னாள். கதவோரம் நின்று வெல்டரும் கேட்டான்.

மாஸ்டர் அவள் குடிக்காத தண்ணீரை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு சொன்னார்: "நோயின்னு சொல்லியிருந்தாலும் சேத்திருப்பேனேக்கா. இங்க யாரு உங்களை வேண்டாம்னிருக்கப் போறா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

வெல்டர் எப்போது போனான் என்று யாரும் கவனிக்கவில்லை. அதன்பிறகு அவன் அந்த மாடிக்கு ஏறவே இல்லை.

போலீஸ் ஆஸ்பத்திரிக்கு வந்து கேட்டபோது கண்டக்டர், "நானா விழுந்தேன். என் காலுக்கு அதுதான் வேலை" என்று சொல்லிவிட்டார். வழக்கு இல்லை. இடுப்பில் ஆபரேஷன் நடந்தது. நான்காம் நாள் அவள் பார்க்கப் போனாள். மனைவி காலமாகி வெகுநாள் ஆனவர். பக்கத்தில் மகள் இருந்தாள். "நீங்க யாரு?" என்று மகள் கேட்டாள்.

"லேப்ல ரத்தம் எடுக்கிறவ."

"ஓ, அப்பா சொல்லியிருக்காங்க. உங்களுக்காகக் காத்திருப்பாராம், வேற யார் எடுத்தாலும் நோகுதுன்னு" என்று மகள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். பிறகு எதையோ வாங்க வெளியே போனாள்.

"என்னாலதான் நீங்க விழுந்தீங்க" என்றாள் அவரிடம். முழுவதையும் சொன்னாள். பொய்யை, தொப்பியை, அந்த இரண்டு நொடியை. அவர் கூரையைப் பார்த்தபடியே கேட்டார். அவர் முகத்தில் என்ன ஓடியது என்று கண்டுபிடிக்க வழியில்லை. அந்த முகம்தான் எதையும் காட்டாதே.

"ரெண்டு வருஷம்மா" என்றார் கடைசியில். "ரெண்டு வருஷமும் ரெண்டு மாசமும். எண்ணிக்கிட்டே வந்தேன்."

அவள் அழுதாள். அவர் அவளைத் தேற்றவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "வீட்ல சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல."

"நானும் ஒண்ணரை வருஷம் மறைச்சேன். நோயைவிட அதுதான் பெரிய வேலை." கண்ணை மூடிக்கொண்டார். "போயிட்டு வாங்க. களைப்பா இருக்கு."

அன்று சாயங்காலமே கணவரிடம் சொன்னாள். அவர் லிஃப்ட் சாவிக் கொத்தை மேசைமேல் வைத்துவிட்டு, அவள் கையைப் பிடித்துப் பார்த்தார், ஏதோ பழுதான இயந்திரத்தைப் பார்ப்பதுபோல, எங்கே தொடங்குகிறது என்று தேடி. "தூக்கத்துல ஆடுறதைப் பார்த்திருக்கேன். ஏதோ கனவுன்னு நெனச்சேன்" என்றார். பிறகு, "எங்கிட்டச் சொல்றதுக்கு என்னடி உனக்கு?" என்றார். வருத்தத்தைவிட அவரிடம் அவமானம்தான் அதிகம் தெரிந்தது. பல நாள் அவர் கேலி பேசவில்லை.

கண்டக்டர் எழுந்து நடக்கவே இல்லை. படுத்தே கிடந்ததில் நெஞ்சில் சளி கட்டியது. ஐந்தாவது வாரம் இறந்துபோனார். வயசானவர், நோயாளி, விழுந்துவிட்டார் என்றார்கள். அவர் மகளுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை; கண்டக்டரும் சொல்லாமலே போய்விட்டார். சொல்லவேண்டும் என்று அவள் இரண்டுமுறை அந்த வீட்டு வாசல்வரை போனாள். இரண்டாவது முறை மகளே கதவைத் திறந்து, "உள்ள வாங்கக்கா" என்றாள். உள்ளே போய், தண்ணீர் குடித்து, அவருடைய படத்தைப் பார்த்துவிட்டு, வாய் திறக்காமல் திரும்பி வந்தாள்.

வெல்டரைத் தேடிப் பட்டறைக்கும் போனாள். இரும்புக் கதவொன்றைப் படுக்கவைத்து ஒட்டிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் முகமூடியை மேலே தூக்கினான். பத்து வயது கூடியிருந்தது.

"உன்மேல ஒரு தப்பும் இல்லப்பா. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"அக்கா, நான் கேட்டேன்ல? உங்களைக் கேட்டுட்டுதானே செஞ்சேன்?"

"ஆமா."

"நீங்க பதில் சொல்லல."

"ஆமாப்பா."

வேறு ஏதோ சொல்ல வந்தான். பிறகு முகமூடியை இறக்கிக்கொண்டான். பொறி பறந்தது. கண் கூசியதால் அவள் திரும்பி நடக்கவேண்டியதாயிற்று.

லேபில் அவளே போய்ச் சொன்னாள். ஊசி வேலையிலிருந்து எடுத்து முன் மேசையில் உட்காரவைத்தார்கள். பெயர் எழுதி டோக்கன் கொடுக்கும் வேலை. தெரிந்தவர்கள் வந்து, "நீங்க எடுக்கலையா இன்னைக்கு?" என்று கேட்பார்கள். "அந்தப் பொண்ணு நல்லா எடுக்கும், போங்க" என்பாள்.

தாய்-சி ஹாலுக்கு அவள் போய்ச் சேர எட்டு மாதம் பிடித்தது. பிசியோதெரபி அம்மாள் எதுவும் கேட்கவில்லை. விழுந்தால் பிடித்துக்கொள்ளச் சுவரோரமாக இடம் கொடுத்தாள். கண்டக்டர் நின்ற இடத்தில் இப்போது வேறு யாரோ நிற்கிறார்கள். அவர் எப்படி விழுந்தார் என்று அங்கே யாருக்கும் தெரியாது. இடைவேளையில் அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் அவள் தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள். கணவர் வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டு, கீழே செய்தித்தாள் படித்துக்கொண்டு காத்திருப்பார். ஒரு சனிக்கிழமைகூடத் தவறவிட்டதில்லை. போன மாதம் வலது கையிலும் லேசாகத் தொடங்கியிருக்கிறது. அதை அன்றைக்கே கணவரிடம் சொல்லிவிட்டாள்.